பதினான்கு வரி இலத்தீன்

என் மேசை இழுப்பறையில், திருமுழுக்குச் சான்றிதழ்ப் படிவங்களுக்கு அடியில், பழுப்பேறிய தாள் ஒன்று கிடக்கிறது. அதில் பதினான்கு வரிகள் உள்ளன. அனைத்தும் இலத்தீன். நான் என் வாழ்நாளில் சொந்தமாக எழுதிய இலத்தீன் அவ்வளவுதான். மூன்று பங்குகளுக்கு மாறுதலாகிச் சென்றபோதும் அத்தாள் என் புத்தகப் பெட்டிக்குள் கூடவே வந்திருக்கிறது. அது அச்சேறாத எழுத்து. அச்சேறாமற் போனதே நல்லது என்று உணர எனக்குச் சில காலம் பிடித்தது. அந்தக் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2009ஆம் ஆண்டு பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில் ஒரு சிறிய பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் ஊர் அது. மழைக்காலத்தில் மேகம் கோயிலுக்குள்ளேயே வந்து பீடத்தின் மெழுகுதிரிகளைச் சுற்றி நிற்கும். எங்கள் பங்கு மக்களில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். சமவெளியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்துவிட்டு, மலைச் செடிகளோடு எஞ்சிய காலத்தைக் கழிக்கலாமென்று மனைவியுடன் அங்கே குடியேறியவர். அவர்கள் வந்த சில ஆண்டுகளிலேயே அம்மையார் நோயுற்று இறந்தார். அடக்கத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றினேன். அதன்பின் பேராசிரியர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. திருப்பலிக்கு வருவார், கடைசி இருக்கையில் அமர்வார், முடிந்ததும் காட்டுப் பக்கம் நடப்பார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்கள் கலைந்துபோன பின் அவர் சக்கறீஸ்து அறை வாயிலில் வந்து நின்றார்.

“சாமி, உங்களுக்கு இலத்தீன் தெரியும் அல்லவா?”

பங்குக் குருவானவரிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் பலவகை. நிலத்தகராறு, மாப்பிள்ளையின் குணம், மாட்டுக்கு மந்திரிப்பது என எதையும் கேட்பார்கள். இதை மட்டும் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சிறு குருமடத்தில் முதியவர் ஒருவர் எங்களுக்கு இலத்தீன் கற்பித்தார். ‘ரோசா, ரோசே, ரோசாம்’ என்று வேற்றுமை உருபுகளைப் பாட்டாகப் பாட வைப்பார். தமிழில் திருப்பலி வந்து பல ஆண்டுகளான பிறகு இது எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு. “ஒரு நாள் உதவும்” என்பதே அவர் தரும் மறுமொழி. இருபது ஆண்டுகள் கழித்து அந்த நாள் என் வாயிலில் வந்து நின்றது.

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து சிறு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். உள்ளே சாராயத்தில் மிதந்தபடி ஒரு பூ. நிறம் போயிருந்தாலும் வடிவம் கெடவில்லை. “இது புதியதென்று நினைக்கிறேன். இதுவரை யாரும் பெயரிடாதது” என்றார். அவர் குரல் நடுங்கியது.

ஒரு செடியைப் புதியதென்று உலகுக்கு அறிவிப்பது எப்படி என்பதை அன்றுதான் அறிந்தேன். காட்டில் கண்டால் மட்டும் போதாது. அச்செடியின் மாதிரி ஒன்றை உலர்த்தி, தாளில் ஒட்டி, ‘ஹெர்பேரியம்’ எனப்படும் உலர்தாவரகத்தில் நிலையாக வைக்க வேண்டும். அந்த மாதிரியே பெயரின் ஆணிவேர். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு செடியின் இலக்கணத்தை எழுதி, அதன் உறவுச் செடிகளிலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது என்று காட்டி, முறையாக வெளியிட வேண்டும். சுவீடன் நாட்டு இலின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலே தாவரப் பெயர்களுக்குத் தொடக்க எல்லை. அதற்குப் பின் முதலில் முறைப்படி வெளியான பெயர் எதுவோ அதற்கே முன்னுரிமை. 1935 தொடங்கி இன்னொரு விதியும் இருந்தது. புதிய செடியின் விளக்கமாவது வேறுபாட்டுக் குறிப்பாவது இலத்தீனில் இருந்தாக வேண்டும். இல்லையெனில் பெயர் செல்லாது.

அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன்.

“செடியைப் பார்க்காமல் எழுத மாட்டேன்” என்றேன். அதில் கொஞ்சம் ஆர்வமும் நிறையப் பெருமையும் இருந்தன.

அடுத்த வாரம் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு மூவர் புறப்பட்டோம். எங்களுக்கு வழிகாட்டியவர் பளியர் குலத்துப் பெரியவர். தேன் எடுப்பதில் பேர்போனவர். ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். புல்வெளியைக் கடந்து சோலைக்காட்டுக்குள் இறங்கியதும் ஒளியே மாறியது. மேலே வானம் இல்லை, இலைகளே கூரை. ஒவ்வொரு மரத்தின் மேலும் பாசியும் பெரணியும் ஆர்க்கிடுகளும் குடியேறியிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் நீர் கசிந்தது. பெரியவர் ஓடையோரம் சாய்ந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். அதன் தண்டில், பாசிக்குள்ளிருந்து, இளம் வெற்றிலை போன்ற இலைகள் வெளிவந்திருந்தன. தண்டென்று எதுவும் இல்லை. சிறு கிழங்கிலிருந்து நேராக இலையும், மெல்லிய காம்பில் வெளிர்சிவப்புப் பூக்களும் எழுந்திருந்தன.

நம் வீட்டு முற்றங்களில் காசித்தும்பை வளர்வதை அறிவீர்கள். அதன் உறவினம்தான் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வினச் செடிகள் தொண்ணூறுக்கு மேல் உள்ளன. அவற்றில் மிகப் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் சில இப்படி மரத்தண்டிலும் ஈரப் பாறையிலும் ஒட்டி வாழ்கின்றன. மழை தொடங்கும்போது கிழங்கு துளிர்க்கும். மழை முடிந்ததும் இலை உதிர்ந்து, வறண்ட மாதங்களைக் கிழங்குக்குள்ளேயே கழிக்கும். இப்பேரினத்தின் இலத்தீன் பெயர் ‘இம்பாசியென்ஸ்’. பொறுமையற்றது என்பது பொருள். முதிர்ந்த காயைத் தொட்டால் போதும். வெடித்து விதைகளை எறிந்துவிடும். அன்பின் இலக்கணத்தைத் தூய பவுல் கொரிந்தியருக்குச் சொல்லுமிடத்தில் முதலாவதாக வருவது பொறுமை. இலத்தீன் விவிலியத்தில் அதற்குள்ள சொல் ‘பாசியென்ஸ்’. அதன் எதிர்ச்சொல்லையே ஒரு பூவுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

பேராசிரியர் முழந்தாளிட்டுச் செடிகளை எண்ணினார். மரத்திலும் அதன் கீழிருந்த பாறையிலுமாக இருபத்து மூன்று. “ஒன்று மட்டும் எடுப்போம். பூ இரண்டு தனியே. மற்றவை இங்கேயே இருக்கட்டும்” என்றார். எடுத்த செடியைச் செய்தித்தாளுக்கிடையில் விரித்து மரச்சட்டத்தில் இறுக்கினார். பூவின் நிறம், அளவு, மரத்தின் வகை, உயரம், நாள் ஆகியவற்றை அங்கேயே நின்று குறிப்பேட்டில் எழுதினார். இவ்வினப் பூக்கள் காய்ந்தால் சருகுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த உறுப்பு எதுவென்று பிரித்தறிவது பெரும்பாடு. தாவரவியலின் பேரறிஞரான ஜோசப் டால்டன் ஹூக்கர், இந்தியச் செடிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதி முடித்த பின், தம் கடைசி ஆண்டுகளை இந்தப் பூக்களோடுதான் போராடிக் கழித்தார். 1911இல் தம் 94ஆம் வயதில் இறக்கும்வரை அவர் அவற்றை விடவில்லை.

அன்றிரவு மறைப்பணி இல்லத்தில் விளக்கடியில் அமர்ந்து எழுதத் தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் என் வறுமை புரிந்தது. அருள், பாவம், மகிமை, மீட்பு ஆகியவற்றுக்கெல்லாம் எனக்கு இலத்தீன் தெரியும். இலைக்காம்பில் மயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. பேராசிரியர் தடித்த நூலொன்றைக் கொண்டுவந்து தந்தார். ஸ்டெர்ன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1966இல் வெளியிட்ட தாவரவியல் இலத்தீன் நூல் அது. அந்த இலத்தீனில் வினைச்சொற்கள் அரிது. வேண்டுதல் இல்லை, புகழ்ச்சி இல்லை. பெயரும் அடைமொழியும் அளவும் மட்டுமே. ‘இலைகள் இதய வடிவின; ஓரம் பல்லுடையது; காம்பு மயிரற்றது’ என்பது போல நடக்கும். பூவின் பின்னால் வால்போல் நீளும் உறுப்புக்கு அதில் ‘கால்கார்’ என்று பெயர். குதிரை வீரன் குதிகாலில் அணியும் முள் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். எங்கள் செடியைத் தனித்துக் காட்டியது அதுவே. இதன் உறவினச் செடியொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் சில வரிகளில் விவரித்திருந்தார். அதில் முள் குறுகியது என்று இருந்தது. இதிலோ முள் நீளமானது. மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு.

திருவருகைக் காலம் முழுவதும் நாங்கள் இருவரும் அந்தப் பதினான்கு வரிகளில் உழன்றோம். அவர் ஒரு சொல்லை நீக்குவார். நான் ஒரு வேற்றுமை உருபைத் திருத்துவேன். மௌனமாக இருந்த மனிதர் அந்நாள்களில் நிறையப் பேசினார். செடிகளுக்குப் பெயரிட்டவர்களைப் பற்றிச் சொல்லுவார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் மருந்தாளராய்ப் பணியாற்றி 1706இல் மணிலாவில் இறந்த இயேசு சபைச் சகோதரர் கமேல் நினைவாகத்தான் இலின்னேயஸ் ‘கமேலியா’ என்று பெயர் வைத்தார் என்பார். நாம் காலையில் அருந்தும் தேயிலையும் இன்று அப்பேரினத்தைச் சேர்ந்ததே. அந்தச் சகோதரர் அதைக் கண்டுபிடித்தவரல்லர்; செடிகளை நேசித்ததற்கான நினைவு அது.

செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் தங்கள் இல்லத்தை நிறுவி அருங்காட்சியகமும் அமைத்ததையும், அங்கே வாழ்ந்த அருள்தந்தை ஆங்லாத் இம்மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்ததையும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராபினாட் உலர்தாவரகத்தை உருவாக்கிய அருள்தந்தை கே. எம். மாத்யூ மீது அவருக்குத் தனி மதிப்பு. தமிழகச் சமவெளியின் செடிகளைத் தொகுத்து முடித்து, பின் பழனி மலைச் செடிகளுக்கு 1999இல் மூன்று தொகுதிகள் தந்துவிட்டு, 2004இல் மறைந்தவர் அவர். “அந்த மூன்று தொகுதிகளையும் வரிவரியாய்த் தேடிவிட்டேன், சாமி. இது அவற்றில் இல்லை” என்று பேராசிரியர் சொன்னபோது, அவர் கண்களில் ஒரு சிறுவன் தெரிந்தான்.

என்ன பெயர் வைப்பது என்று நான் கேட்கவே இல்லை. ஒரு மாலை அவராகவே சொன்னார். ஒரு பெண்ணின் நினைவாகப் பெயர் வைத்தால் அதன் இறுதியில் ‘ஏ’ என்னும் ஆறாம் வேற்றுமை ஈறு வர வேண்டும். சிறு குருமடத்தில் நாங்கள் பாடிய அதே ‘ரோசே’. அவர் தம் மனைவியின் பெயரை எழுதி, அந்த ஈற்றைச் சேர்த்துக் காட்டினார்.

“முப்பது வருடம் என் கட்டுரைகளுக்கெல்லாம் அவள்தான் படம் வரைந்தாள். பென்சிலால் வரைந்து, மையால் இழுப்பாள். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஒரு கட்டுரையிலும் அவள் பெயரை நான் போடவில்லை. போட வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை, சாமி.”

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளைப் பற்றிப் பெருநூல்கள் வெளியிட்டார். 1836இல் இதே பழனி மலைக்கும் வந்து சென்றவர். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் இருவர். அவர்கள் பெயர் படங்களில் அச்சாகியிருக்கிறது. அதோடு நில்லாமல், 1853இல் ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று பெயர் சூட்டினார் வைட். “வெள்ளைக்கார துரைக்கு அந்த நன்றி இருந்தது. எனக்கு இல்லை” என்றார் பேராசிரியர்.

அப்போதுதான் அந்தப் பதினான்கு வரிகளின் எடை எனக்குத் தெரிந்தது. அது வெறும் அறிவியல் குறிப்பன்று. காலம் கடந்து செய்யும் ஓர் ஒப்புரவு.

2010ஆம் ஆண்டு சனவரி மாதம், கட்டுரையை அனுப்பும் முன் கடைசியாக ஒரு சரிபார்ப்பு நடந்தது. அந்தப் பழைய உறவினச் செடியின் மூல மாதிரி வெளிநாட்டு உலர்தாவரகம் ஒன்றில் இருந்தது. அதன் படத்தை அனுப்பும்படி பேராசிரியர் எழுதியிருந்தார். மின்னஞ்சலில் படம் வந்தது. மறுநாள் மழையில் நனைந்தபடி அவர் மறைப்பணி இல்லத்துக்கு வந்தார். கையில் அச்செடுத்த தாள்.

“இதுதான் அது, சாமி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தப் பழைய விளக்கத்தை எழுதியவர் காய்ந்த பூவை வைத்து எழுதியிருக்கிறார். காய்ந்ததில் முள் சுருங்கி மடிந்து குறுகிப் போயிருக்கிறது. ஆனால் செடியைக் காட்டில் சேகரித்தவர், பூ வாடும் முன்னரே தாளின் ஓரத்தில் அதைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் முள் நீளமாக இருந்தது. இலையின் பல், பூவின் இதழ், காம்பின் வளைவு யாவும் எங்கள் புட்டியில் மிதந்ததற்கு அப்படியே பொருந்தின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் சேகரிக்காத செடி அது, ஆயினும் புதியதன்று. முன்னரே பெயருள்ளது.

வாசகர்களே, அடுத்து நான் பேசியதை எழுதக் கூசுகிறது. ஆயினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்கு நியாயமில்லை.

“சார், அச்சில் உள்ள விளக்கத்தில் முள் குறுகியது என்றுதானே இருக்கிறது? ஓரத்தில் உள்ள படம் மாதிரியாகுமா? மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு என்று நாமும் எழுதி அனுப்பலாமே. தவறென்றால் பின்னால் யாராவது திருத்திக்கொள்ளட்டும்” என்றேன்.

அவருக்காகத்தான் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் இலத்தீன் அச்சில் வரவேண்டும் என்ற ஆசை மறுபாதி. அந்த வாரம்தான் மறைக்கல்வி வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு எட்டாம் கட்டளையை விளக்கியிருந்தேன்.

பேராசிரியர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“பொய்யான பெயரை அவள் மேல் எழுதச் சொல்கிறீர்களா, சாமி?”

அவ்வளவே கேட்டார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் கோயிலுக்குள் சென்று, அவர் வழக்கமாக அமரும் கடைசி இருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இறையியல் கற்றவன் நான். உண்மைக்குச் சான்று பகர்ந்தவர் அவர்.

ஒரு வாரம் கழித்துப் பளியர் பெரியவரைப் பார்த்தோம். நூறு வருடத்துக்கு மேல் காணாமற்போயிருந்த செடியைத்தான் அவர் எங்களுக்குக் காட்டினார் என்று பேராசிரியர் மகிழ்ச்சியோடு சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டார்.

“காணாமப் போச்சா? இது எங்கே போச்சு சாமி? நீங்கதான் இத்தனை நாளா வரல.”

தம் தாயார் அச்செடியை அழைத்த பெயரையும் சொன்னார். பேராசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் இலத்தீனில் பெயர் தேடிக்கொண்டிருந்த மாதங்களில், அந்த மலையிலேயே ஒரு பெயர் இருந்தது. அதை நாங்கள் கேட்கவில்லை.

மறு ஆண்டு, அச்செடி மீண்டும் கண்டறியப்பட்டதைப் பற்றிப் பேராசிரியர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். பச்சைப் பூவைக் கண்டு எழுதிய முழு விளக்கம் அதில் இருந்தது. முள்ளின் உண்மையான நீளமும் இருந்தது. செடி நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கவில்லை. அரிய செடிகளைத் தேடிப் பிடுங்குவோர் உண்டு என்பதால் அவ்வாறு மறைப்பது வழக்கம். நானும் இங்கே அதன் பெயரைச் சொல்லாதது அதனால்தான். குறிப்பின் முடிவில் நன்றியுரை இரண்டு வரி. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வழிகாட்டிய பெரியவருடையது. மற்றது, முப்பது ஆண்டுகள் படம் வரைந்து கொடுத்த அம்மையாருடையது. அந்த இதழை அவர் கல்லறைத் திருநாளன்று கையில் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அதே 2011ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் கூடிய தாவரவியல் மாநாடு, இலத்தீன் கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தியது. 2012 சனவரி முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். என் ஒரே தகுதியும் அத்துடன் காலாவதியாயிற்று.

பிற்பாடு இத்துறையைப் பற்றி அவ்வப்போது படித்து வந்திருக்கிறேன். இன்றும் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 புதிய செடியினங்கள் பெயர் பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டல நாடுகளைச் சேர்ந்தவை. அவையெல்லாம் நேற்றுக் காட்டில் எடுத்தவை என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிய இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு, மாதிரி சேகரித்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே அடையாளம் காணப்பட்டதாகக் கண்டது. யாரோ ஒருவர் மலையேறிச் சேகரித்து, உலர்த்தி, ஒட்டி வைத்துவிட்டு இறந்துபோகிறார். அலமாரியில் அது அரை நூற்றாண்டு கிடக்கிறது. பிறகு பொறுமையுள்ள ஒருவர் வந்து தாளைத் திருப்பிப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்கிறார். அலமாரியில் கிடப்பனவற்றை நாம் அறியும் முன்னரே, காட்டில் அவற்றின் உயிருள்ள உறவுகள் அழிந்துபோவதும் உண்டு. சோலைகளைச் சுற்றித் தைலமரமும் வேட்டில் மரமும் நெருங்கிவிட்ட எங்கள் மலையில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தொடக்கநூலில், ஆண்டவர் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்க்கும் பகுதியை நாம் அறிவோம். கால்நடைகள், வானத்துப் பறவைகள், காட்டு விலங்குகள் என்று பட்டியல் செல்கிறது. செடிகளுக்கு அவன் பெயரிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. இதைப் பலமுறை வாசித்தும் நான் கவனித்ததில்லை. அந்தப் பணி இன்னும் முடியவில்லை போலும் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன். பெயரிடுவதென்றால் உரிமை கொண்டாடுவது என்றே நாம் பழகிவிட்டோம். எங்கள் திருமுழுக்குப் பதிவேட்டில் நான் குழந்தைகளின் பெயரை எழுதும்போது அவர்கள் என் உடைமை ஆவதில்லை. ‘இவரை அறிவோம், இவருக்குப் பொறுப்பேற்கிறோம்’ என்று திருச்சபை கையெழுத்திடுகிறது, அவ்வளவே. ஐயம் வந்தால் பழைய ஏட்டைத்தான் புரட்டுகிறோம். நமக்கு வசதியான புதிய ஏடு எழுதிக்கொள்வதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் தமிழகத்தைக் குறுக்கே கடந்தபோது கொடைக்கானல் மலையிலும் பெருஞ்சேதம். நான் அப்போது சமவெளிப் பங்கொன்றில் இருந்தேன். மறு ஆண்டு அக்டோபரில் மலைக்குச் சென்றேன். பெரியவர் இறந்துவிட்டார், அவர் மகன் கூட வந்தார். பேராசிரியருக்கு நடக்க இயலவில்லை. ஓடையோரத்து மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கூரை திறந்து வெயில் விழுந்த இடத்தில் பாசி காய்ந்து செம்மையேறியிருந்தது. அந்தத் தண்டில் ஒரு செடியும் இல்லை. கீழே இறங்கித் தேடினோம். நீர் வழியும் பாறையின் நிழல் முகத்தில் இருந்தன. எண்ணினேன். ஒன்பது.

இறங்கி வந்ததும் பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பூ இருந்ததையும் சொன்னேன்.

“காய் பிடித்திருக்கிறதா, சாமி?”

நான் பார்க்கவில்லை. பூவைப் பார்த்த மகிழ்ச்சியில் காயை மறந்துவிட்டேன். மறுமுனையில் அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது. “பூ நமக்கு. காய்தான் அதற்கு. அடுத்த முறை பாருங்கள்” என்றார்.

அடுத்த ஆண்டு கொள்ளைநோய்க் காலம், மலையேற முடியவில்லை. 2021 நவம்பரில்தான் போனேன். பாறையில் பதினொரு செடிகள். காம்பின் நுனியில் பச்சை நிறத்தில் சிறு காய்கள் தொங்கின. முதிர்ந்த ஒன்றை விரல் நுனியால் தொட்டேன். அது வெடித்து, விதைகள் என் புறங்கையில் பட்டுத் தெறித்து, ஈரப் பாசிக்குள் விழுந்தன. அங்கேயே நின்று பேராசிரியரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மலையிறங்கும்வரை பொறுத்திருந்தேன்.